அல்சைமர் வந்தவருக்கு மனநல சிகிச்சை: எங்கே போவது, என்ன கேட்பது, வீட்டில் என்ன செய்வது

அல்சைமரை முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை வரவில்லை. இதைக் கேட்டதுமே பல வீடுகளில் "அப்புறம் எதுக்கு டாக்டர், வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த நோய் இருக்கும் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பேரன் பெயர் மறந்துபோனதை எல்லோரும் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். தாங்க முடியாமல் போவது வேறு: ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "வீட்டுக்குப் போகணும், கதவைத் திற" என்று நிற்பது, மருமகள் நகையைத் திருடிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வது, குளிக்கக் கூப்பிட்டால் கையை ஓங்குவது, நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. சந்தேகம், பயம், தூக்கமின்மை, சோர்வு, கோபம் இவற்றுக்கெல்லாம் சிகிச்சை இருக்கிறது, அதைத் தருபவர் மனநல மருத்துவர். எல்லாம் கைமீறிப் போனபின் கடைசியாக அவரிடம் ஓடுவதற்குப் பதில் ஆரம்பத்திலேயே போய்விட்டால் நோயாளியும் நிம்மதியாக இருப்பார், குடும்பமும் தாக்குப்பிடிக்கும்.

ஒரு விஷயம் சொன்னால் தயக்கம் கொஞ்சம் குறையலாம். இந்த நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த ஆலோயிஸ் அல்சைமர் ஒரு மனநல மருத்துவர்தான். 1901-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு ஆகுஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி கொண்டுவரப்பட்டார். அவரிடம் முதலில் தெரிந்த மாற்றங்களில் ஒன்று கணவர்மேல் வந்த கடும் சந்தேகம். அவர் 1906-இல் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் அல்சைமர் இந்த நோயை விவரித்தார். அதாவது நோயின் முதல் பதிவே சந்தேகத்தோடு தொடங்குகிறது. உங்கள் அம்மா உங்களைத் திருடி என்று சொன்னால் அது அவர் குணம் கெட்டுப்போனதால் வந்த பேச்சு இல்லை. நோய்.

முதலில்: திடீர் குழப்பமா, மெதுவாக வந்த மறதியா?

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் பிரித்துப் பார்க்க வேண்டும். அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறுகிறார், ஆளைத் தெரியவில்லை, ஒரு நேரம் தூங்கி வழிகிறார், ஒரு நேரம் கத்துகிறார் என்றால் அது வேறு பிரச்சினை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, கீழே விழுந்து தலையில் ரத்தம் கட்டுவது, பக்கவாதம், புதிதாக ஆரம்பித்த ஒரு மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஏற்கனவே அல்சைமர் உள்ளவருக்கு மலச்சிக்கலே கூட இப்படிக் குழப்பத்தைக் கிளப்பிவிடும். அப்படி நடந்தால் மனநல ஓபிக்குத் தேதி பார்த்துக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

மெதுவாக வந்தது என்றால் அவர் வழக்கமாகச் செய்த வேலையைக் கவனியுங்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உண்டு. நாற்பது வருடம் சாம்பார் வைத்தவர் புளி கரைப்பதற்கும் பருப்பு போடுவதற்கும் எது முன் எது பின் என்று நிற்கிறார், பென்ஷன் பணத்தை எண்ணத் தெரியவில்லை, தெருவிலேயே இருக்கும் கோயிலுக்குப் போய் வழி தவறுகிறார், ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் ஐந்து முறை கேட்கிறார் என்றால் காட்டியே ஆக வேண்டும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் (டிமென்ஷியா, அல்சைமர் அதில் ஒரு வகை) இருப்பதாக 2023-இல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது.

டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு நோட்டு

பதினைந்து நிமிட ஓபியில் டாக்டருக்கு மிகவும் உதவுவது நீங்கள் எழுதிக்கொண்டுபோகும் நோட்டுதான், ஸ்கேனை விடவும். முதன்முதலில் மாற்றத்தைக் கவனித்தது எப்போது (தீபாவளிக்கு முன்னாலா, பேத்தி கல்யாணத்துக்குப் பிறகா என்று யோசித்தால் நினைவு வரும்), முதலில் மாறியது மறதியா, குணமா, நடையா, பேச்சா. இது முக்கியம், ஏனென்றால் குணம் முதலில் மாறினால், நடை தடுமாறினால், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அது அல்சைமர் அல்லாத வேறு வகை மறதி நோயாக இருக்கலாம், மருந்தும் மாறும்.

பிறகு ஒரு வாரத்துக்கு அவருடைய நாளை எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது எழுந்தார், எந்த நேரத்தில் கோபம் வந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது. "எப்பவும் கத்துறார் டாக்டர்" என்று சொன்னால் அவரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், டிவி ஓடும்போது, வாரத்தில் நான்கு நாள்" என்று எழுதிக் கொடுத்தால் பாதி வழி தெரிந்துவிடும். தயவுசெய்து இந்த விஷயங்களை நோயாளியின் எதிரிலேயே வரிசையாகப் படிக்காதீர்கள். மறந்துபோவாரே தவிர, அவமானம் அவருக்கு வலிக்கும். நோட்டை டாக்டர் கையில் கொடுங்கள், அல்லது தனியாக இரண்டு நிமிடம் கேளுங்கள்.

கடைசியாக, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கியவை, நாட்டு மருந்து, சூரணம் உட்பட. சளிக்குப் போடும் சில மாத்திரைகள், அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் இவையெல்லாம் முதியவரின் மறதியைக் கூட்டும். அவற்றில் ஒன்றை டாக்டர் நிறுத்தியதுமே பாதித் தெளிவு திரும்பியவர்கள் உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம், சில மாத்திரைகளைத் திடீரென விட்டால் வேறு ஆபத்து.

யாரிடம் போவது, எங்கே போவது

நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், முதியோர் நல மருத்துவர் மூவருமே இந்த நோயைப் பார்ப்பார்கள். என் கருத்து: வயது 65-க்குக் கீழ், வலிப்பு, நடை தடுமாற்றம், பக்கவாதம் என்றால் முதலில் நரம்பியல். பிபி, சர்க்கரை, கிட்னி என்று பத்து மாத்திரை ஓடினால் முதியோர் நலம். சந்தேகம், தூக்கமின்மை, அழுகை, ஆவேசம் என்றால் நேரே மனநலம். யாரிடம் தொடங்கினாலும் கடைசியில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவரிடமே தொடருங்கள். மூன்று டாக்டர் எழுதிய மூன்று சீட்டையும் ஒன்றாகப் போட்டுக் கொடுப்பது இந்த நோயில் பெரிய ஆபத்து.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அரசு வழியே நல்ல தொடக்கம். எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், அந்தக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் முறை வைத்து வருகிறது. எந்தக் கிழமை வருவார்கள் என்பதை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத் துறை பல ஆண்டுகளாக இயங்குகிறது, நாட்டிலேயே இந்தத் துறைக்கு முன்னோடி அதுதான். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் ஓபி உண்டு. அந்தப் பெயரைக் கேட்டாலே சிலர் முகம் சுளிப்பார்கள், நான் சொல்வது, அங்கே போவதில் ஒரு குறைவும் இல்லை.

தனியார், அறக்கட்டளை வழியில் சென்னை அண்ணா நகரில் ஸ்கார்ஃப் அமைப்பு மறதி நோய்க்கென்றே சேவை நடத்துகிறது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ் இரண்டும் சிக்கலான கேஸ்களுக்கு நல்ல இடங்கள். 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவும், இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களோடு பேசவும் அவர்களை அணுகலாம்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? 14416-க்குப் போன் போடுங்கள். அது டெலிமனஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். முதியோருக்கான உதவி எண் 14567. தமிழ்நாட்டு மருத்துவ ஆலோசனைக்கு 104.

"எனக்கு ஒண்ணும் இல்லை, நான் வரமாட்டேன்"

பெரும்பாலான வீடுகளில் வண்டி நிற்கும் இடம் இதுதான். தனக்கு நோய் இருப்பது தெரியாமல் போவதும் இந்த நோயின் ஒரு பகுதி. அதனால் வாதாடி ஜெயிக்க முடியாது. "உங்களுக்கு மறதி, மனநல டாக்டரைப் பார்க்கணும்" என்று சொன்னால் எந்த மாமனாரும் கிளம்பமாட்டார். "பிபி பார்த்து ரொம்ப நாள் ஆச்சு மாமா, அப்படியே தூக்கம் வராததுக்கும் கேட்டுட்டு வரலாம்" என்றால் கிளம்புவார், அது பொய்யும் இல்லை. வீட்டில் யார் சொன்னால் கேட்பாரோ அவர் சொல்லட்டும், தம்பியோ பழைய சிநேகிதரோ. காலையில் தெளிவாக இருக்கும் நேரத்தில் கூட்டிப்போங்கள், சாப்பிட வைத்து, கண்ணாடி, காது மெஷின் எல்லாம் எடுத்துக்கொண்டு. காது கேட்காததால் பதில் தப்பாகி மறதி என்று முடிவானவர்கள் இருக்கிறார்கள்.

என்னென்ன பரிசோதனை

டாக்டர் சில கேள்விகள் கேட்பார்: இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், மூன்று வார்த்தை சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார், ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்வார். வட்டம் போட்டு எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு "சரியா இருக்கா?" என்று அப்பா நிமிர்ந்து பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குத் தொண்டை அடைக்கும். எடுத்துக் கொடுக்காதீர்கள், திருத்தாதீர்கள். அவர் பள்ளிக்கூடம் போகாதவர் என்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், படிப்பைப் பொறுத்து மதிப்பெண்ணை வேறுமாதிரி பார்க்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, கிட்னி, கல்லீரல், ரத்த அணுக்கள் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் சிபிலிஸ், ஹெச்.ஐ.வி.யும். தலைக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. இவற்றின் நோக்கம் அல்சைமரைக் கண்டுபிடிப்பதை விட, சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது. தலையில் கட்டிய பழைய ரத்தம், மூளையில் நீர் கோப்பது (நடை தடுமாறி, சிறுநீர் அடக்க முடியாமல், மறதியும் சேர்ந்தால் இதைச் சந்தேகிப்பார்கள்), தைராய்டுக் குறைவு, பி12 குறைவு எல்லாமே மறதி நோய் போலவே தெரியும். மனச்சோர்வும் அப்படித்தான், துணையை இழந்த முதியவர் சாப்பிடாமல், பேசாமல், "தெரியலை, தெரியலை" என்று எதற்கும் சொல்வது பல நேரம் மனச்சோர்வு, அது மருந்தில் தேறும். இதைப் பிரித்துப் பார்க்க மனநல மருத்துவர் வேண்டும்.

மறதிக்கான மருந்து: எவ்வளவு எதிர்பார்க்கலாம்

டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின் மூன்றும் ஒரே குடும்பம். மெமன்டின் வேறு வகை, நோய் நடுக்கட்டத்துக்கு வந்தபின் தருவது. டொனெபெசிலை வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கி நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து 10-க்கு ஏற்றுவார்கள். இவை நோயை நிறுத்தாது, சிலருக்கு சில காலம் அன்றாட வேலையையும் கவனத்தையும் தக்கவைக்க உதவும். வாந்தி, பேதி, பசியின்மை, எடை குறைவது வரலாம். நாடித்துடிப்பு குறையலாம் என்பதால் தொடங்கும் முன் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தலைசுற்றி விழுந்தால் உடனே சொல்லுங்கள். ராத்திரி போட்டால் கெட்ட கனவு வருகிறது என்றால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ரிவாஸ்டிக்மின் தோலில் ஒட்டும் பட்டையாகவும் வருகிறது, புதிதை ஒட்டும் முன் பழையதைக் கண்டிப்பாக உரித்துவிட வேண்டும், முதுகில் மூன்று பட்டை சேர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

லெகனெமாப், டொனனெமாப் என்ற புது ஊசிகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆரம்பக் கட்டத்தில் மட்டும், மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பது உறுதியானவர்களுக்கு மட்டும் தருபவை. நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் "மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு" செய்தியை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள்.

செலவுக்கு: அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். வெளியில் வாங்கினால் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக்) எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விசாரியுங்கள்.

சந்தேகம், ஆவேசம், தூக்கமின்மை

சரி, இப்போது முக்கியமான இடம். நல்ல மனநல மருத்துவர் உடனே மாத்திரை எழுதமாட்டார். முதலில் வலி இருக்கிறதா, மலம் போனதா, சிறுநீர்த் தொற்றா, பசியா, பயமா என்று கேட்பார். சொல்லத் தெரியாதவரின் பல்வலி கோபமாகத்தான் வெளியே வரும்.

வீட்டில் பேசும் விதத்தை மாற்றினாலே நிறைய அடங்கும். அத்தை பீரோ முன் நின்று "என் ரெட்டை வடத்தை நீதான் எடுத்த" என்கிறார். "நான் எதுக்கு எடுக்கப் போறேன், போன வருஷம் நீங்களே அண்ணிக்குக் கொடுத்தீங்களே" என்று விளக்கினால் சண்டை மூளும், ஏனென்றால் கொடுத்தது அவர் மனதில் இல்லவே இல்லை. "காணோமா அத்தை? வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்று பக்கத்தில் நின்று தேட ஆரம்பித்து, துணி மடிக்கும் பேச்சுக்கு மெல்ல நகர்த்தினால் பத்து நிமிடத்தில் தணியும். எல்லா நாளும் பலிக்காது, பெரும்பாலான நாள் பலிக்கும். குற்றம் சாட்டப்படுகிற மருமகளிடம் மற்றவர்கள் "நோய்தான் பேசுது, எங்களுக்குத் தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை கிடைக்காமல் நொறுங்கிய பெண்கள் நிறைய.

சாயங்காலம் ஆனதும் கலவரம் கூடுகிறதென்றால் இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போடுங்கள், டிவி சத்தத்தைக் குறையுங்கள். பகலில் வெயில் படும்படி நடக்க வையுங்கள், மதியத் தூக்கத்தைக் குறையுங்கள், மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம், நீர் பிரியும் மாத்திரை இருந்தால் காலையில் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெளியே போய்விடுபவர் என்றால் சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும், கதவில் ஒரு மணி, உங்கள் போனில் அவருடைய சமீபத்திய போட்டோ. காணாமல் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 112. கேஸ் ரெகுலேட்டரை மூடி வைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

இதற்கெல்லாம் அடங்காமல் தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் நிலை என்றால் ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்றவற்றை மிகக் குறைந்த அளவில் தருவார்கள். இவை மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு பக்கவாத ஆபத்தைக் கூட்டும், மரண ஆபத்தையும் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. அதற்காகவே தரக்கூடாது என்று அர்த்தமில்லை, காரணத்தோடு, குறைந்த நாளுக்கு, கண்காணிப்போடு தர வேண்டும். எனவே மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பிரச்சினைக்காக இந்த மாத்திரை, எத்தனை வாரத்தில் திரும்பப் பார்ப்பீர்கள், எப்போது குறைப்பீர்கள். இல்லாத ஆட்கள் தெரிவதும் உடல் விறைப்பும் சேர்ந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், லூயி பாடி என்ற வேறு வகை மறதி நோயில் இந்த மருந்துகள், குறிப்பாக ஹாலோபெரிடால், மிக மோசமாகப் போகும். மாத்திரை தொடங்கியதும் நாள் முழுக்கத் தூக்கம், உடல் விறைப்பு, விழுங்கும்போது புரையேறுவது என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை தரும்போது சோடியம் குறையலாம், இரண்டு வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவந்தால்

2017 மனநல பராமரிப்புச் சட்டப்படி, தானாக முடிவெடுக்க முடியாதவரை அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் பேச உரிமை பெற்றவர்) விண்ணப்பித்து, மருத்துவர்கள் பரிசோதித்த பிறகு முதலில் 30 நாள்வரை சேர்க்கலாம். அந்தப் பிரதிநிதி யார் என்பதையும், எந்தச் சிகிச்சை வேண்டும் வேண்டாம் என்பதையும் தெளிவாக இருக்கும்போதே அவரே எழுதி வைக்க அதே சட்டம் உரிமை தருகிறது. ஆரம்பக் கட்டத்தில் இதைச் செய்துவிடுங்கள்.

பணமும் பத்திரமும்

இதைத் தள்ளிப்போடவே கூடாது. பலர் பவர் பத்திரம் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் கொடுத்தவர் மனத்திறனை இழந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாது, பிறகு பாதுகாவலர் நியமனம் கேட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் தெளிவு இருக்கும்போதே வங்கிக் கணக்கை இருவரில் யாரும் இயக்கும்படி மாற்றுவது, நாமினி சரிபார்ப்பது, உயில் எழுதிப் பதிவது, அன்றைய தேதியில் அவர் தெளிவாக இருக்கிறார் என்று டாக்டர் சான்று வாங்குவது. உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தே செய்யுங்கள். மறதி நோய்க்கு மாற்றுத்திறனாளி சான்றும் கிடைக்கும், மனநல மருத்துவர் மதிப்பிட்டுத் தருவார், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீட்டில் மன நோய்க்கும் உடல் நோய்க்கும் பேதம் பார்க்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது, ஆனால் இந்த நோயில் பெரும் செலவு வீட்டுப் பராமரிப்புக்கே போகும், அதைப் பாலிசியில் எதிர்பார்க்காதீர்கள்.

தொடர்ந்து பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது: எடை, விழுந்தது, தூக்கம், எந்த மாத்திரையை இனி நிறுத்தலாம். படுக்கையோடு ஆனபின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புப் பராமரிப்பும் (வலியையும் அவதியையும் குறைக்கும் கவனிப்பு) பிசியோதெரபியும் தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். விழுங்க முடியாமல் போகும் கட்டத்தில் மூக்கு வழிக் குழாய் போடலாமா என்ற கேள்வி வரும். முற்றிய நிலையில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ புரையேறுவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டுவதே பல நேரம் நல்லது, இதை நோய்த்தணிப்பு மருத்துவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பார்த்துக்கொள்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அநேக வீட்டில் ஒரே ஒரு பெண் தலையில்தான் இது முழுதும் விழுகிறது. வாரத்தில் ஒரு அரை நாளாவது வேறு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று உடன்பிறந்தவர்கள் கிழமையைப் பேசி முடிவு செய்யுங்கள், "முடிஞ்சப்ப வரேன்" என்பது உதவி இல்லை. மாமியாருக்காகப் போகும் அதே ஓபியில் அந்த மருமகள் தனக்கும் ஒரு சீட்டுப் போட்டு, தன் தூக்கத்தையும் அழுகையையும் டாக்டரிடம் சொல்லலாம்.